காக்கும் அணுக்களே தாக்கும்போது: ஒவ்வாமை, அழற்சி, புற்றுநோய்

ஆரணியில் அரிசி ஆலையில் வேலை செய்பவருக்குப் பொழுது சாய்ந்தால் மூச்சு இழுக்கிறது. இறால் சாப்பிட்ட பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. வீட்டுப் பெரியவரின் விரல்கள் காலையில் மடங்க மறுக்கின்றன. திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குப் பேருந்து ஏறும் இன்னொருவரின் கையில் புற்றுநோய்ப் பரிசோதனை அறிக்கை. நான்கும் வெவ்வேறு நோய்கள்தான். ஆனால் நான்கிலும் பங்கு வகிப்பவை நமது நோயெதிர்ப்பு அணுக்களே.

‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்’ என்று சொல்லிப் பல பொடிகளும் கஷாயங்களும் விற்கப்படுகின்றன. உண்மையில் இந்தச் சக்தி குறைந்தாலும் நோய், மிகுந்தாலும் நோய். உடலுக்குத் தேவை கட்டுப்பாட்டுடன் கூடிய சக்தி.

காவல் படையினர்

இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. கிருமி நுழைந்த இடத்திற்கு முதலில் ஓடி வருபவை நியூட்ரோபில்கள். மேக்ரோபேஜ்கள் கிருமிகளையும் இறந்த அணுக்களையும் விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. பி செல்கள் ஆன்டிபாடி எனும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கின்றன. டி செல்களில் நோயுற்ற அணுவைக் கொல்பவையும் உண்டு, மற்ற அணுக்களை ஏவுபவையும் உண்டு, போதும் என்று நிறுத்துபவையும் உண்டு. தோல், மூக்கு, நுரையீரல், குடல் ஆகியவற்றில் காவல் நிற்பவை மாஸ்ட் செல்கள். இவற்றை 1878-இல் முதன்முதலில் விவரித்தவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக்.

ஒவ்வாமை: ஆபத்தில்லாததை எதிரியாக நினைப்பது

தூசு, மகரந்தம், இறால், வேர்க்கடலை போன்றவை கிருமிகள் அல்ல. ஆனால் சிலருடைய உடல் இவற்றை எதிரியாகக் கருதி ‘ஐஜிஇ’ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. ஜப்பானைச் சேர்ந்த இஷிசாகா தம்பதியர் 1960-களில் இதைக் கண்டறிந்தனர். ஐஜிஇ மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே பொருள் மீண்டும் உள்ளே வரும்போது மாஸ்ட் செல்கள் சில நிமிடங்களில் ஹிஸ்டமின் முதலான இரசாயனங்களைக் கொட்டுகின்றன. அரிப்பு, தும்மல், வீக்கம், மூச்சிரைப்பு எல்லாம் அதன் விளைவே. ‘இத்தனை நாள் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்று பலர் வியப்பதன் காரணமும் இதுதான். முன்பு சாப்பிட்டபோது உடல் வெளியே எதையும் காட்டாமல் தயாராகிக்கொண்டிருந்தது.

ஆஸ்துமாவில் இது நிமிடங்களில் முடிவதில்லை. இயோசினோபில் போன்ற அணுக்கள் பின்னால் வந்து சேர்ந்து, மூச்சுக்குழாயில் அழற்சியை நீடிக்கச் செய்கின்றன. மருத்துவர் தினமும் இழுக்கச் சொல்லும் ஸ்டீராய்டு இன்ஹேலர் இந்த அழற்சியைத்தான் அடக்குகிறது. ‘பழகிவிடும்’ என்று பயந்து நாமாகவே அதை நிறுத்தினால் நெருப்பு உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருக்கும்.

உணவு, மருந்து, குளவிக் கொட்டு ஆகியவற்றுக்குப் பின் தடிப்போடு மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, மயக்கம் வந்தால் அது உயிருக்கு ஆபத்தான ‘அனாபிலாக்சிஸ்’. இதற்கு முதல் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அழற்சி: நிற்காத போர்

காயம் பட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்குவது நல்ல அறிகுறிதான். சண்டை முடிந்ததும் அணுக்கள் கலைந்து போக வேண்டும். கலையாமல் சொந்த உடலையே தாக்கத் தொடங்கினால் முடக்குவாதம், சோரியாசிஸ், குடல் அழற்சி போன்ற நோய்கள் வருகின்றன. டி செல்களில் சில இந்தத் தாக்குதலைத் தடுக்கும் காவலர்கள் என்பதைக் கண்டறிந்ததற்காகவே 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது.

முடக்குவாதத்தில் மேக்ரோபேஜ்கள் சுரக்கும் ‘டிஎன்எஃப்’ என்ற பொருளைத் தடுக்கும் ஊசிகள் இப்போது உள்ளன. ஆனால் அதே பொருள்தான் உடலில் உறங்கும் காசநோய்க் கிருமியைப் பூட்டி வைக்கவும் உதவுகிறது. அதனால்தான் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கேட்கிறார்கள். மருந்துக் கடையில் நாமாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குவது ஏன் ஆபத்து என்பதும் இதிலிருந்து புரியும்.

புற்றுநோய்: ஏமாற்றப்படும் காவலர்

ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் சில அழற்சிகள் புற்றுநோய்க்கு வழிவிடும். ஹெபடைட்டிஸ் பி கிருமி கல்லீரலிலும், ஹெலிகோபாக்டர் பைலோரி இரைப்பையிலும் இப்படிச் செய்கின்றன. சாதாரணத் தூசு அலர்ஜி புற்றுநோயாக மாறாது. அந்தப் பயம் வேண்டாம். குழந்தை பிறந்ததும் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, பின்னாளில் கல்லீரல் புற்றுநோயையும் தடுக்கும் தடுப்பூசி என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும்.

வளர்ந்த புற்றுநோய் தந்திரமானது. மேக்ரோபேஜ்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவற்றின் உதவியோடு இரத்தக் குழாய்களை வளர்க்கிறது. டி செல்களில் இயற்கையாக உள்ள ‘பிரேக்கை’ அழுத்தி அவற்றை நிறுத்திவிடுகிறது. அந்தப் பிரேக்கை விடுவிக்கும் வழியைக் காட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர்.

வேலூரில் நடப்பது

திருவண்ணாமலைக்கு 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. அங்கு அண்மையில் ‘கார்-டி’ சிகிச்சையும் ஆய்வு செய்யப்பட்டது. நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, புற்றணுவை அடையாளம் காணும் மரபணுவைப் புகுத்தி, பெருக்கி, மீண்டும் உடலில் செலுத்துவதே இந்த முறை. மருத்துவமனையிலேயே சுமார் 9 நாட்களில் தயாரித்து 10 பேருக்கு அளித்தனர். ஒருவகைக் குருதிப் புற்றுநோய் உடைய அனைவரிடமும், லிம்போமா உடையோரில் பாதிப் பேரிடமும் நோய் அடங்கியது. சிறு ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருவது. மும்பை ஐஐடியில் உருவான இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் 3 கோடி ரூபாயைத் தாண்டும் இச்சிகிச்சை இங்கே அதில் ஒரு சிறு பகுதிச் செலவில் கிடைக்கிறது. அதுவும் சாதாரணக் குடும்பத்துக்குப் பெருந்தொகைதான். எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தச் சிகிச்சையிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஏவிவிட்ட டி செல்கள் அளவு மீறினால் கடும் காய்ச்சலும் இரத்த அழுத்தச் சரிவும் வரும். அப்போது மருத்துவர்கள் அதே அணுக்களின் வேகத்தை மருந்தால் அடக்குகிறார்கள். ஏவவும் வேண்டும், அடக்கவும் வேண்டும். எதை எப்போது செய்வது என்பதைப் பரிசோதனையும் மருத்துவரும் முடிவு செய்யட்டும். பொடி டப்பாவின் மேல் அச்சிட்ட விளம்பரத்திடம் அந்த முடிவை விட்டுவிட வேண்டாம்.