ஒரு வெள்ளியும் ஒரு துறையும்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது, அங்கே தமிழ் படிக்கலாம். இது நம்மில் பலருக்குத் தெரியும். தமிழ் அங்கே எப்படி வந்தது என்று பாகான் செராயில் என் வயதுக்காரர்களிடம் கேட்டால், "கவர்மெண்ட் கொடுத்தது" என்பதுதான் வழக்கமான பதில். நான் பொறியியல் படித்தவன். ஒரு அமைப்பைப் பார்த்தால் யார் வடிவமைத்தது, யார் காசு போட்டது, முடிவெடுக்கிற சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கிற பழக்கம் உண்டு. அப்படித் தேடினால் இந்தத் துறையின் கதை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949 அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கியது. 1905-இல் உருவான மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து உண்டாக்கியது அது. காலனி அரசுக்குத் தேவைப்பட்டவர்கள் மருத்துவர்களும் ஆசிரியர்களும் அதிகாரிகளும். இந்தியர்களைப் பற்றிய துறை ஒன்று வேண்டும் என்ற பேச்சு 1950களில் வந்தபோது, அதன் முதன்மை மொழி எது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவர் நீலகண்ட சாஸ்திரி. சோழர் வரலாற்றை எழுதிய அதே சாஸ்திரிதான். அவர் பரிந்துரைத்தது சமஸ்கிருதம். இன்று இதைச் சொன்னதும் நமக்குக் கோபம் வருகிறது, ஆனால் அன்றைய கல்வி உலகத்தில் அது விசித்திரமான பரிந்துரை இல்லை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இந்தியவியல் என்றாலே முதலில் சமஸ்கிருதம்தான். சாஸ்திரி அந்த மரபுக்குள் நின்று சரியாகவே யோசித்தார் என்று நினைக்கிறேன். அவர் கணக்கில் விட்டுப்போனது, மலாயாவில் இருந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள் என்பது. ரயில் பாதை போட்டவர்களும் பால்மரம் வெட்டியவர்களும் பேசிய மொழி அது.

இதை எதிர்த்துக் கிளம்பியவர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் பிறந்து, 1924-இல் சிங்கப்பூர் வந்து, 1935-இல் 'தமிழ் முரசு' தொடங்கியவர். அறிக்கை விட்டதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பணக்காரச் செட்டியார் நாலு பேரைப் பிடித்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் ஒரு வெள்ளி என்று வைத்ததால் தோட்டத்து லயத்தில் இருப்பவனும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவனும் கொடுக்க முடிந்தது. தோட்டத்து ஆளுக்கு அப்போது ஒரு வெள்ளி சில்லறைக் காசு இல்லை. கொடுத்தவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழக வாசலைப் பார்த்திருப்பார்கள்? பிள்ளைகள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பைத் தாண்டுவதே பெரிய பாடு. தங்கள் வீட்டிலிருந்து யாரும் போகப்போவதில்லை என்று தெரிந்தே கொடுத்தாங்க. நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க அந்தப் பணம் உதவியது.

1956-இல் துறை தொடங்கியது, தமிழை முதன்மையாகக் கொண்டு. பெயர் மட்டும் 'தமிழ்த் துறை' ஆகவில்லை. 'இந்திய ஆய்வியல் துறை' என்றே இருந்தது, இன்றும் அதுதான். 1959-இல் துறை கோலாலம்பூருக்கு இடம் மாறியது. 1962-இல் பல்கலைக்கழகமே இரண்டாகி, சிங்கப்பூருக்கு ஒன்றும் மலாயாவுக்கு ஒன்றும் என ஆனது.

1961-இல் தனிநாயகம் அடிகள் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கத்தோலிக்கப் பாதிரியார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவர். 1964-இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவர்களில் ஒருவர். அதன் முதல் மாநாடு நடந்த இடம் சென்னை என்று நினைப்பவர்கள் உண்டு. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில்தான் நடந்தது. சென்னைக்கு 1968-இல்தான் போனது. மூன்றாவது 1970-இல் பாரிசில்.

அந்தப் பாரிசைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1968 மே மாதம் அங்கே மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே எட்கார் ஃபோர் என்ற கல்வி அமைச்சரின் பெயரில் ஒரு சட்டம் வந்தது. பல்கலைக்கழகங்களுக்குத் தன்னாட்சி, தேர்தலில் வந்த மன்றங்கள், அதில் மாணவர்களுக்கும் இடம். பழைய பாரிஸ் பல்கலைக்கழகம் 13 பல்கலைக்கழகங்களாகப் பிரிந்தது. அமைச்சகத்தின் கை முழுசா விலகிவிடவில்லை; ஆனாலும் கதவு திறந்த திசை தெளிவாகத் தெரிகிறது.

இங்கே எதிர்த் திசை. 1969 மே 13 கலவரம், அதன்பின் 1971-இல் பல்கலைக்கழகச் சட்டம், எல்லாரும் 'அவுக்கு' என்று சொல்கிற அதே சட்டம். 1974-இல் ரப்பர் விலை விழுந்து, எங்களுக்கு வடகிழக்கே கெடாவின் பாலிங்கில் விவசாயிகள் பட்டினியைச் சொல்லி ஊர்வலம் போனார்கள். அவர்களுக்காக டிசம்பரில் கோலாலம்பூரில் கூடிய மாணவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அடுத்த ஆண்டே சட்டம் இன்னும் இறுகியது: கட்சியில் சேரக் கூடாது, தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது. சிறுதோட்டக்காரர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்கள் என்பதால் பாலிங் நமக்குச் சம்பந்தமில்லாத கதை என்று நம்ம ஆளுங்க விட்டுவிடுகிறார்கள். ரப்பர் விலை விழுந்தால் யார் வீட்டு அடுப்பு அணையும் என்று தோட்டத்திலிருந்து வந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது இதுதான். 1950களில் பல்கலைக்கழகம் பிரிட்டிஷ்காரன் கையில் இருந்தது.  ஆனாலும் ஒரு பத்திரிகையும் ஒற்றை வெள்ளிகளும் சேர்ந்து ஒரு துறையின் மொழியை மாற்றின. இன்று செனட் இருக்கிறது, இயக்குநர் வாரியம் இருக்கிறது, புலம், துறை என்று அமைப்புப் படம் அழகாக இருக்கிறது. அதில் வெளியிலிருந்து வரும் அம்புக்குறி எங்கே நுழைகிறது என்று தேடினால், அமைச்சகத்தின் பக்கம்தான் கிடைக்கிறது.

2012-இல் மாணவர்கள் அரசியல் கட்சியில் சேரலாம் என்று திருத்தினார்கள். 2018 இறுதியில் வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடையும் போனது. துணைவேந்தரை அமைச்சர் நியமிக்கும் முறை அப்படியே இருக்கிறது.