கருத்தரிப்புக்கு முந்தைய நலம்: பம்பாய் ஆலைகள் முதல் ஒரகடம் வரை

கருத்தரிப்புக்கு முந்தைய நலப் பேணல் என்பது, ஒரு பெண் கருவுறும் முன்பே அவரது உடல்நிலையை அறிந்து சீர்செய்வதாகும். ஹீமோகுளோபின், சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றைச் சோதித்தல், ஃபோலிக் அமில மாத்திரை தருதல், ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டுள்ளதா எனப் பார்த்தல், வலிப்பு போன்ற நோய்களுக்கு உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவர் மறுபரிசீலனை செய்தல், நெருங்கிய உறவில் மணம் முடிப்போருக்கு ஆலோசனை கூறுதல் ஆகியன இதில் அடங்கும். கர்ப்பிணிப் பரிசோதனை தமிழ்நாட்டில் ஊரறிந்த ஒன்று. அதற்கு முந்தைய இக்கட்டம் அவ்வளவாக அறியப்படவில்லை. ஆயினும் இதன் வரலாற்றின் முக்கியமான ஓர் இழை இந்திய ஆலைப் பெண்களிடமிருந்தே தொடங்குகிறது.

லூசி வில்ஸின் ஆய்வு

1928இல் ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர் லூசி வில்ஸ் (1888–1964) பம்பாய் வந்தார். அங்கே துணியாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகள் பலர் கடும் இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தனர். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இப்பெண்களின் இரத்தத்திலோ அவை அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. காரணம் கிருமியன்று, உணவுக் குறைபாடே என்ற முடிவுக்கு வில்ஸ் வந்தார். பம்பாயில் ஹாஃப்கின் நிறுவனத்திலும், குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னையில் கோஷா மருத்துவமனையிலும் (இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை) அவரது பணி தொடர்ந்தது. 'மார்மைட்' என்னும் மலிவான ஈஸ்ட் சாறு இந்நோயைக் குணப்படுத்துவதை 1931இல் அவர் வெளியிட்டார்.

அச்சாற்றில் இருந்த பொருள் பின்னர் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. கீரையிலிருந்து 1941இல் பிரித்தெடுக்கப்பட்டதால், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க லெடர்லி ஆய்வகத்தின் குழுவுக்குத் தலைமை வகித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்.

முதல் 28 நாட்கள்

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழல், கரு உண்டாகி ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிவிடும். அது சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டுப் பிளவு போன்ற பிறவிக் குறைகள் ஏற்படும். பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதையே அப்போது அறிந்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய குறையுள்ள குழந்தையை முன்பு கருத்தரித்த பெண்களிடம் 7 நாடுகளில் 33 மையங்களில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதனை நடத்தியது. கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், குறை மீண்டும் ஏற்படுவது 72 விழுக்காடு குறையும் என 1991இல் அது அறிவித்தது. முதல்முறை கருத்தரிப்போருக்கும் பயனுண்டு என்பதை 1992இல் ஹங்கேரி ஆய்வு காட்டியது. கருத்தரிக்க முயலும் காலம் முதல் கர்ப்பத்தின் 12ஆம் வாரம் வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ள உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

தமிழ்நாட்டில் நிலவும் இடைவெளி

1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், கர்ப்பத்தை 12 வாரங்களுக்குள் பதிவு செய்வதை ஊக்குவிக்கிறது. பேறுகாலப் பாதுகாப்பில் இதன் பங்கு பெரிது. ஆனால் நரம்புக் குழலைப் பொறுத்தவரை அந்தப் பதிவும் காலந்தாழ்ந்ததே. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். பாதிக்கு மேற்பட்ட பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே இக்குறையோடு இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

2018இல் வந்த 'இரத்தசோகையற்ற பாரதம்' திட்டம் 10 முதல் 19 வயதினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரையும், 20 முதல் 49 வயதுப் பெண்களுக்கு வாரம் ஒரு சிவப்பு மாத்திரையும் வகுத்துள்ளது. ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நீல மாத்திரை பள்ளி, அங்கன்வாடி வழியே கிடைக்கிறது. மணமான பெண்களைக் கிராம சுகாதார செவிலியர் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டின் மூலம் அறிகிறார். பள்ளியை விட்டு, மணமாகாமல், வெளியூர் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண் இவ்விரண்டிலும் எளிதில் விடுபட்டுப் போகிறார்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்

இத்தகைய பெண்கள் மிகுதியாக வாழும் பகுதி இது. 2006இல் இயங்கத் தொடங்கி 2014இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையும், அதன்பின் பெருகிய மின்னணு ஆலைகளும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களை இங்கே ஈர்த்தன. அவர்கள் ஆலையில் கழிக்கும் ஆண்டுகளே பெரும்பாலும் கருத்தரிப்புக்கு முந்தைய ஆண்டுகள். விடுதிச் சாப்பாடே அவர்களின் ஊட்டச்சத்து. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதே ஆண்டு தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' பணியிடத்திலேயே இரத்த அழுத்தம், சர்க்கரையைச் சோதிக்கிறது. ஹீமோகுளோபின் சோதனையையும் வார மாத்திரையையும் இதே வழியில் இப்பெண்களிடம் கொண்டுசேர்க்க இயலும்.

இதில் ஒரு தடையும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐஃபோன் ஆலையில் மணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. கர்ப்பம் என்ற சொல்லே வேலைக்கு ஊறாகும் என்ற அச்சமிருந்தால், எந்தப் பெண்ணும் அதுபற்றி ஆலை மருத்துவரிடம் மனம்விட்டுப் பேச மாட்டார். எனவே சோதனை முடிவு பெண்ணுக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும், ஆளெடுக்கும் அலுவலகத்துக்குப் போகக் கூடாது. மகப்பேறு சட்டங்கள் பிரசவத்தையொட்டிய விடுப்பையும் ஊதியத்தையும் காக்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பெண்ணின் நலம் பேண, இந்த நம்பிக்கையே முதல் தேவை.