கல் ஏறியது எப்படி என்று கேட்கிறோம், கூலி என்ன என்று கேட்டோமா?

விருத்தாசலத்தில் வளரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருக்கும் கதை இது. விருத்தகிரீசுவரர் கோயில் திருப்பணியை விபசித்து முனிவர் செய்தாராம். பொழுது சாய்ந்ததும் வன்னிமரத்து இலைகளை உருவி வேலையாட்களுக்குக் கொடுப்பாராம். அவரவர் உழைப்புக்கு ஏற்ற அளவில் அந்த இலை பொன்னாக மாறுமாம். அந்த வன்னிமரம் என்று ஒரு மரத்தை இன்றும் கோயிலுக்குள் காட்டுகிறார்கள்.

இது தலபுராணம். வரலாறு சொல்வது வேறு. கண்டராதித்த சோழனின் மனைவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவி, 10ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கல்லால் எடுப்பித்தார். ஆனால் கல்வெட்டு சொல்லாத ஒன்றைப் புராணம் சொல்கிறது: வேலை செய்தவர்களுக்குக் கூலி உண்டு, அது உழைப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பொன்னாய் மாறும் இலையை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் கோயில் கட்டிய கதையில் கூலியை மறக்காமல் வைத்திருந்த மக்களின் நினைவை மதிக்க வேண்டும்.

ஏனென்றால், பெரிய கட்டடங்களைப் பற்றி இன்று நடக்கும் பேச்சில் அந்தக் கேள்வியே இல்லை. "பிரமிடை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள்" என்று ஒரு காணொளி. "தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல்" என்று இன்னொன்று. நிழல் விழத்தான் செய்கிறது. உச்சிக்கல் பல துண்டுகளால் ஆனது என்று கட்டடத்தை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். பொய்யைத் திருத்துவது எளிது. ஆனால் "எப்படித் தூக்கினார்கள்" என்று வியந்துகொண்டே, "தூக்கியவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது" என்று கேட்காமல் நகர்ந்துவிடும் பழக்கத்தைத் திருத்துவது அவ்வளவு எளிதல்ல.

எகிப்தில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். குஃபு மன்னனின் பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்கில் எழுந்தது. அப்போது அதன் உயரம் சுமார் 146 மீட்டர், கற்கள் சுமார் 23 லட்சம். ஒரு லட்சம் பேர் மூன்று மாத முறைவைத்து 20 ஆண்டுகள் கட்டினார்கள் என்று கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதினார். அவர் எழுதியதே பிரமிடு எழுந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகுதான். பின்னால் வந்தவர்கள் சாட்டையடி வாங்கும் அடிமைகளைச் சினிமாவில் காட்டினார்கள்.

மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது வேறு. 1990இல் பிரமிடுகளுக்குப் பக்கத்திலேயே தொழிலாளர்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. ஜாகி ஹவாஸ் அவற்றை அகழ்ந்தார். அருகில் அவர்கள் வாழ்ந்த ஊரை மார்க் லேனர் குழு தோண்டியது. ரொட்டி சுட்ட அடுப்புகள், தின்ற மாடு ஆடுகளின் எலும்புகள் கிடைத்தன. மனித எலும்புகளில் தேய்ந்த முதுகுத்தண்டும், முறிந்து கட்டுப்போட்டு ஆறிய கை கால்களும் இருந்தன. 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பியர் தல்லே குழுவினர் பாப்பிரஸ் சுவடிகளைக் கண்டெடுத்தார்கள். மெரேர் என்ற மேற்பார்வையாளரின் வேலைக்குறிப்பு அது. துராவில் சுண்ணாம்புக்கல் ஏற்றினோம், படகில் கீசா போனோம், இரவு இங்கே தங்கினோம் என்று நாள்வாரியாகப் போகிறது. வந்து சேர்ந்த உணவுக்கும் கணக்கு இருக்கிறது.

இதைக் கொண்டு எகிப்தைச் சொர்க்கமாக்க வேண்டாம். அரசன் ஆள் கேட்டால் விவசாயிகள் போயே ஆக வேண்டும். ஆனால் உழைத்தவர்களின் உணவும் காயமும் வேலைநாளும் இன்று வரலாற்றின் பகுதியாகிவிட்டன. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரமிடுகளுக்கு 1,400 ஆண்டுகள் கழித்து, கி.மு. 12ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளைக் கட்டிவந்த தெய்ர் எல்-மெதினா தொழிலாளர்கள் கூலித் தானியம் வராததால் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தம் அதுதான்.

நம் பெரிய கோயிலுக்கு வருவோம். இராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டில், 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்கப் பொன் போர்த்த குடம் கொடுத்தான். விமானத்தின் உயரம் 216 அடி. சுற்றிலும் பாறையே இல்லாத வண்டல் பூமிக்கு அத்தனை கருங்கல்லும் வெளியிலிருந்து வந்தது. தாங்கள் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்னான் அரசன்: நாம் கொடுத்தது, நம் அக்கன் கொடுத்தது, நம் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது. அப்படியே வெட்டினார்கள். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும் வீட்டு வரிசையும் இருக்கின்றன. ஒருவருக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். நாவிதர், வண்ணார், குயவர், தையல்காரர் வரை கோயில் பணியாளர்களுக்குப் பங்கு உண்டு. குஞ்சரமல்லன் என்ற இராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் இருக்கிறது.

கல்லை உடைத்தவர், இழுத்தவர், சாரம் கட்டியவர், சாரத்திலிருந்து விழுந்தவர் யாருக்கும் பெயர் இல்லை. "கொடுத்தது" என்ற கணக்கில் பொன்னும் நெல்லும் வரும், உழைப்பு வராது.

ஆனால் நம் மக்கள் அந்தக் கல்வெட்டில் இல்லாமல் போகவில்லை. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி இல்லாத நிலம் எது என்று ஒரு பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் அதில் வருகின்றன. வெள்ளாளருக்கு ஒரு சுடுகாடு, பறையருக்கு ஒரு சுடுகாடு என்று பிரித்தே குறிக்கப்பட்ட ஊர்களும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சேரியும் சுடுகாடும் தனி என்பதற்கு, அந்தக் காலத்தைப் பொற்காலம் என்பவர்கள் தொட்டுக் கும்பிடும் சுவரே சாட்சி. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா போன்றவர்கள் தமிழகத்தில் தீண்டாமையின் வரலாற்றை எழுதியது இந்தச் சொற்களைக் கொண்டுதான். ஆனால் 2019இல் இயக்குநர் பா. ரஞ்சித் ஒரு கூட்டத்தில் இராஜராஜன் காலத்து நிலப்பறிப்பைப் பற்றிப் பேசியதற்கு அவர்மீது வழக்குப் பதிவானது. பெருமை பேச அனுமதி தேவையில்லை, கேள்வி கேட்டால் வழக்கு.

சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் "வெட்டி". கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு என்று அதற்குப் பொருள். இன்று "வெட்டியா இருக்கான்" என்றால் வேலை இல்லாதவன். கூலியில்லாமல் முதுகொடிய உழைத்தவனின் பெயர், வேலையே செய்யாதவனின் பெயராக மாறிவிட்டது! ஊருக்குத் தொழும்பு செய்த வெட்டியான் மட்டும் அதே பெயரோடு சுடுகாட்டில் நிற்கிறார்.

பெரிய கோயிலின் கல்லை இழுத்தவர்கள் வெட்டிக்கு வந்தார்களா, கூலிக்கு வந்தார்களா என்று அந்தச் சுவர் சொல்வதில்லை. அந்த இடத்தை நம் விருப்பம்போல் நிரப்ப வேண்டாம், தோழர்களே. ஆதாரம் இல்லாமல் பெருமை பேசுகிறவர்களுக்கு ஆதாரத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும். நம்மிடம் இருப்பதே போதுமான அளவு கனமானது.

அண்ணல் அம்பேத்கர் இதைச் சரியாகப் பிடித்தார். பரம்பரை ஊர்வேலை என்ற பெயரில் மகார் மக்களின் உழைப்பை அற்பத்துக்கு உறிஞ்சிய வதன் முறையைத் திருத்த, 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கூலியில்லாக் கட்டாய உழைப்பைத் தடை செய்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. கல்வெட்டில் அரசின் உரிமையாக இருந்த வெட்டி, இன்று குற்றம்.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டத்தின் முன் நிற்க ஆதாரம் வேண்டும். எங்கள் விருத்தாசலம் செராமிக் ஊர். களிமண் பிசைந்து, அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு, பொம்மையும் மின்சாரப் பீங்கானும் செய்யும் ஊர். பீங்கான் தூசியில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலை இறுக்கிவிடும். கீசாவில் வேலையின் சுமையை முதுகெலும்பு சொன்னது போல, இங்கே நுரையீரல் சொல்லும். ஆனால் எத்தனை ஆண்டு, எந்தப் பட்டறையில், என்ன கூலிக்கு என்பதைத் தாள்தான் சொல்லும். வருகைப் பதிவும் கூலிச் சீட்டும் இல்லாதவர், நோய் வந்த பிறகு இழப்பீடு கேட்டு அலைந்தால் "இங்கே வேலை செய்ததற்கு என்ன சாட்சி?" என்றுதான் முதல் கேள்வி வரும்.

ஆகவே மாணவத் தோழர்களிடம் இரண்டு வேலை கேட்கிறோம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியின் இரண்டாம் மடலை நூலகத்தில் எடுத்து, பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வரும் வரிகளை நீங்களே படியுங்கள். அதோடு, உங்கள் வீட்டிலும் தெருவிலும் சூளைக்கும் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, வேலை செய்த இடம், மணி, வாங்கிய கூலி. எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். 4,500 ஆண்டுகளுக்கு முன் மெரேர் செய்தது அவ்வளவுதான்.