டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் மாற்றம்: யாழ்ப்பாணக் குடாநாடு

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஃபோர் ஸ்ட்ரோக்கில் உள்ளதுபோன்ற வால்வு கிடையாது. வால்வின் வேலையில் ஒரு பங்கைப் புகைக்குழாயே பார்த்துக்கொள்கிறது. அதனால் மணலிலும் கல்லிலும் ஓட்டும் வண்டிக்கு வேறு குழாய் பூட்டினால் எஞ்சினின் குணமே மாறிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த வேலையில் இறங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பழைய குழாய்க்குள் படிந்திருக்கும் கரியை.

குழாயின் நடுப்பகுதி வயிறுபோல் உப்பியிருக்கும். சிலிண்டரின் புகைவாய் திறந்ததும் அழுத்த அலையொன்று குழாய்க்குள் பாய்கிறது. விரியும் கூம்பை அது எட்டும்போது இழுவிசையாகத் திரும்பி, எரிந்த வாயுவை வெளியே உறிஞ்சுகிறது. அதோடு புதிய பெற்றோல் கலவையும் கொஞ்சம் வெளியே வந்துவிடும். வயிற்றுக்கு அப்பால் ஒடுங்கும் கூம்பில் மோதித் திரும்பும் அலை, புகைவாய் மூடுவதற்குள் அந்தக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அலை போய்த் திரும்பும் நேரமும் புகைவாய் திறந்திருக்கும் நேரமும் ஒத்துப்போனால்தான் இது நடக்கும். அலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 500 மீற்றர். புகைவாய் 180 பாகை திறந்திருக்கும் எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்றில் உச்சவலு காட்ட வேண்டுமானால், அலை திரும்பும் இடம் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்க வேண்டும். இன்னொரு வண்டிக்கு அளவெடுத்த குழாயைக் கொண்டுவந்து பூட்டினால் சத்தம் மட்டும் கூடுவதன் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கைப் பந்தயத் தளத்தில் நிலைநிறுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்கே தப்பிச்சென்று சுசுகியில் சேர, நுட்பமும் அவரோடு ஜப்பானுக்குப் போனது. அடுத்த ஆண்டே 50 சீசீ உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது.

குடாநாட்டு எஞ்சின்களின் கதை வேறு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் அகப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். வண்டி ஓடியது, ஆனால் எஞ்சின் அடித்தது, புகை கக்கியது. எரியாத எண்ணெய் குழாயில் தங்கிக் கரியானது. டூ ஸ்ட்ரோக்கில் எரிபொருளோடு ஓயிலும் சேர்ந்து எரிவதால் கரி இன்னும் தடிப்பாகப் படியும். மண்ணெண்ணெய் காணாத வண்டியிலும் மலிவு ஓயிலை அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் இதே நிலைதான்.

கரி முதலில் அடைப்பது குழாயின் வால் பக்கத்துச் சிறு துவாரத்தை. அது ஒடுங்கினால் சூடு வெளியேறாமல் பிஸ்டன் உருகித் துளை விழவும் கூடும். வலு குறைந்துவிட்டது என்று புதுக்குழாய் தேடுபவர்களில் பலருக்குத் தேவைப்படுவது சுத்தம்தான் என்று தோன்றுகிறது. பழைய சைக்கிள் செயினை உள்ளே போட்டுக் குலுக்கினால் கரி பொருக்குப் பொருக்காக உதிரும். இரும்புக் குழாயைக் கோஸ்டிக் சோடாவில் ஊறவைப்பதும் உண்டு. அலுமினியத்தை அது தின்றுவிடும் என்பதால் சைலன்சரைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

சுத்தம் செய்தும் குறை தீராதபோதுதான் மாற்றம். வடமராட்சி கிழக்கில் மணற்காடு, அம்பன் பக்கத்து மணலில் சில்லு புதையும். அங்கே உதவுவது குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவை. கூம்புகள் நீண்டு மெல்லச் சரியும் குழாய் அதைத் தரும். செங்குத்தாக விரியும் கூம்பு உச்சச் சுற்றில் திடீரென வலுவைக் கொட்டும். பந்தயத் திடலுக்கு நல்லது, மணலில் பின்சில்லு குழி பறிக்கவே உதவும்.

தடையின்றி ஊதும் குழாய் பூட்டினால் காபரேட்டரின் பிரதான ஜெட்டையும் பெரும்பாலும் ஓரிரு அளவு கூட்ட வேண்டிவரும். முழுத் திறப்பில் ஓட்டி, எஞ்சினைச் சட்டென நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் விடை தெரியும். மண்ணிறமென்றால் சரி. வெள்ளையாக இருந்தால் பெற்றோல் போதவில்லை, பிஸ்டன் இறுகிப்போகும். ஈரக் கறுப்பென்றால் மிஞ்சிவிட்டது.

முலாம் பூசாத இரும்புக் குழாய் எடை குறைந்தது, ஆனால் கடற்காற்றில் விரைவில் துரு ஏறும். ஓட்டம் முடிந்ததும் ஓயில் துணியால் துடைக்க மனமில்லாதவர் நிக்கல் முலாம் பூசியதை வாங்குவதே மேல். சுண்ணக்கல் தரையில் வயிறு அடிபட்டு நசுங்கினால் அலையின் கணக்கும் நசுங்கும். ஆழமான நசுங்கலை எடுத்துத்தான் ஆக வேண்டும். காய்ந்த பனையோலை கிடக்கும் வடலிக்குள் ஓட்டுபவர் தீப்பொறி தடுக்கும் வலையும் பூட்டுவது நல்லது.

சைலன்சருக்குள் இருக்கும் கண்ணாடிநார் ஓயிலில் ஊறிச் சத்தம் ஏறும்போது அதை மாற்ற வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வீதியில் ஓடும் எல்லா வண்டிக்கும் பொருந்தும். சத்தம் கூட்டிய சைலன்சருக்குப் பொலிசார் வழக்கு எழுதுவதும் நடக்கிறது. மணலுக்கென்று பூட்டிய குழாயோடு பருத்தித்துறை வீதியில் ஏறுபவர் பழைய சைலன்சரை எறியாமல் வைத்திருப்பது புத்தி.