மணல், காகிதம், செருப்புத் தைத்தவர் - பொம்மைப் போர்களின் கதை

மேசை மேல பொம்மைச் சிப்பாய்களை அணி அணியா நிறுத்தி, டேப் வச்சு தூரம் அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடுற பொழுதுபோக்கு ஒண்ணு இருக்கு. மினியேச்சர் வார்கேமிங்னு பேரு. எனக்கு ரொம்ப நாளா இதுல பைத்தியம். "அதெல்லாம் காசுக்காரங்க சமாச்சாரம்பா"ன்னு நண்பர்கள் சொல்றதுண்டு. கடையில ஒரு பெட்டி சிப்பாயோட விலையைப் பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா இந்த விளையாட்டோட வரலாறு நேர் எதிரான கதையைச் சொல்லுது மக்களே!

ஆரம்பம் பிரஷ்யாவில். ரைஸ்விட்ஸ் என்கிற பிரபு மணலைக் குவிச்சு மலையும் ஆறும் செஞ்சு, மரக்கட்டைகளைப் படையா வச்சு விளையாடிக்கிட்டு இருந்தார். 1811-ல் இளவரசர்கள் பார்த்துட்டுப் போய் மன்னர் காதுல போட, மன்னருக்கும் பார்க்க ஆசை. ராஜாவுக்கு மணலையா காட்டுறதுன்னு இவருக்குத் தயக்கம். மாசக்கணக்கா உழைச்சு, இழுப்பறைகள் வச்ச பெரிய மேசை, சுண்ணாம்புச் சாந்தில் செஞ்ச நிலத்துண்டுகள்னு 1812-ல் கொண்டுபோய்க் கொடுத்தார். பிரமாதமான மேசைதான். ஆனா அரண்மனையைத் தாண்டி எங்கேயும் போகலை!

அவர் மகன் பீரங்கிப் படையில் சின்ன அதிகாரி. அப்பாவோட மேசையை ஓரமா வச்சுட்டு, 1:8,000 அளவில் காகித வரைபடம், குட்டிக் கட்டைகள், பகடை, ஒரு நடுவர், இவ்வளவு போதும்னு 1824-ல் விதிகளை வெளியிட்டார். படைத்தலைமை அதிகாரி முஃப்ளிங் நேரில் பார்த்து அசந்துபோனார். மன்னர் உத்தரவில் படைப்பிரிவுகளுக்கெல்லாம் அந்த விளையாட்டு போச்சு. 1870-71 போரில் பிரான்ஸை பிரஷ்யா தோற்கடிச்ச பிறகு மத்த நாட்டு ராணுவங்களும் காப்பியடிச்சாங்க. அதைப் பார்க்க மகன் ரைஸ்விட்ஸ் இல்லை. பெர்லினிலிருந்து டோர்காவ் கோட்டைக்கு மாற்றப்பட்ட பிறகு, 1827-ல் தற்கொலை செய்துகொண்டார். பாவம்.

அடுத்தது இங்கிலாந்து. 1893-ல் பிரிட்டன்ஸ் கம்பெனி உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை வார்க்க ஆரம்பிச்சது. ஈயம் கம்மி, அதனால விலையும் கம்மி. அந்தச் சிப்பாய்களையும், சின்ன மரக்குச்சியைச் சுடுற ஸ்பிரிங் பீரங்கியையும் வச்சுத்தான் நம்ம எச்.ஜி.வெல்ஸ் தரையில் படுத்து விளையாடினார். ஆரம்பத்தில் கலைக்களஞ்சியப் புத்தகங்கள்தான் அவருக்கு நிலப்பரப்பு. தோட்டத்துக் குச்சிகள் மரங்கள். 1913-ல் 'லிட்டில் வார்ஸ்'ன்னு புத்தகமே போட்டார். பொம்மைப் போர் நிஜப் போரைவிட எவ்வளவோ மேல், போர் வேணும்கிறவங்களை இதில் உட்கார வைங்க என்பதுதான் அதில் அவர் சொன்ன சேதி. யாரும் கேட்கலை. அடுத்த வருஷமே முதல் உலகப்போர்.

1959-ல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி ஒரு அங்குலத்துக்கும் குறைவான உயரத்தில் பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியா விற்க ஆரம்பிச்சது. பள்ளிக்கூடப் பசங்க கைச்செலவுக் காசில் ஒரு பட்டாளமே வாங்கலாம். 1962-ல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 'வார் கேம்ஸ்' புத்தகத்தில் எளிமையான விதிகளைக் கொடுத்தார். அப்புறம் கேட்கணுமா? வீட்டுக்கு வீடு யுத்தம்தான் :-)

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் அமெரிக்காக்காரர் கேரி கைகாக்ஸ். 1970-ல் இன்சூரன்ஸ் வேலை போயிடுச்சு. வீட்டில் செருப்புத் தைச்சுப் பிழைச்சுக்கிட்டே விளையாட்டு விதிகள் எழுதினார். விளையாட்டில் பூதங்கள் வேணும், வாங்கக் கடையில் பொம்மை கிடையாது. ஹாங்காங்கில் செஞ்ச மலிவான பிளாஸ்டிக் விலங்குப் பொம்மைகளை வாங்கினார். என்ன விலங்குன்னே தெரியாத அந்தப் பொம்மைகளுக்கு இவரா பேரும் குணமும் கொடுத்தார். இரும்பைத் துருவாக்கித் தின்னும் ஜந்து ஒண்ணு அப்படிப் பிறந்ததுதான். 1974-ல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் இந்த ஜந்துக்கள் இன்னிக்கும் உலாத்துது.

1990-ல் வந்த டிபிஏ விதிகள் இன்னும் ஒரு படி மேல. ஒரு படைக்கு 12 அட்டைத் துண்டுகள், விளையாட இரண்டடிக்கு இரண்டடி இடம். ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிஞ்சிடும்.

இதையெல்லாம் படிச்ச பிறகு என் கணக்கு சுலபமாயிடுச்சு. சிப்பாய் படத்தை அச்சடிச்சு அட்டையில் ஒட்டினா காலாட்படை. சட்டைப் பொத்தான்கள் குதிரைப்படை. பழைய புத்தகங்கள் மேல பச்சைத் துணியைப் போர்த்தினா மலை. எதிரே உட்கார ஒரு ஆளும், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட விதியும்தான் முக்கியம். அந்த ஆள் கிடைக்கிறதுதான் கஷ்டமே ஒழிய, படை கஷ்டமே இல்லை.

அரசருக்குச் செஞ்ச மேசை அரண்மனையோட நின்னுபோச்சு. மகன் அச்சடிச்ச காகிதம்தான் உலகம் சுத்தி வந்துச்சு. காசு சேரட்டும்னு காத்திருக்கிறவங்க இதை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. வீட்டில் ஒரு பகடை கண்டிப்பா இருக்கும்தானே?