ராஜபிளவையும் வேனல் கட்டியும்

முதுகில் எழும் பெருங்கட்டிக்குத் தமிழில் ராஜபிளவை என்று பெயர். கரும்புத் தோட்டத்தில் நிற்பவருக்குப் பிட்டத்திலும் தொடையிலும் வருவது வெறும் வேனல் கட்டி. மருத்துவம் இரண்டையும் ஒரே வரிசையில்தான் வைக்கிறது. ஒரு மயிர்க்காலில் சீழ் பிடித்தால் கட்டி. பக்கத்து மயிர்க்கால்களும் சேர்ந்து ஆழத்தில் புரையோடினால் பிளவை. பெயரிடுதலில்தான் அதிகாரம் குந்தியிருக்கிறது.

ராஜபிளவை வரலாற்றில் ஏறியது ஹைதர் அலியோடு. 1781 ஜூலையில் நம் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயரோடு மோதியவர், 1782 டிசம்பரில் சித்தூர்ப் பக்கத்துப் பாசறையில் முதுகுப் பிளவையால் இறந்தார். மேற்குக் கரையிலிருந்து திப்பு வந்து சேரும்வரை அந்தச் சாவு மறைத்து வைக்கப்பட்டது. மன்னனின் கட்டி அரச ரகசியமாகிறது. அவருடைய பல்லக்கைச் சுமந்தவர்களின் தோளில் வந்த கட்டிகளை எந்த வரலாற்றாசிரியர் எழுதினார்?

இன்னொரு பிரபலமான கட்டி மார்க்சினுடையது. 1863 முதல் அவரை அது விடவில்லை. ஆர்சனிக் சாப்பிட்டார், 1866இல் ஒரு கட்டியைச் சவரக்கத்தியால் தானே கீறிக்கொண்டார். 'மூலதனம்' அச்சாகிக்கொண்டிருந்த 1867இல், முதலாளி வர்க்கம் தன் கட்டிகளை ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருக்கும் என்ற பொருளில் எங்கெல்சுக்கு எழுதினார். அது சாதாரணக் கட்டியே இல்லை, அக்குளிலும் தொடையிடுக்கிலும் திரும்பத் திரும்ப வந்து தழும்பாகும் வேறொரு நாள்பட்ட தோல்நோய் என்று 2007இல் சாம் ஷஸ்டர் என்ற தோல் மருத்துவர் வாதிட்டார். மன்னனுக்கும் மேதைக்கும் கட்டி வந்தால் அது பிரதியாகிறது, மறுவாசிப்பும் பெறுகிறது. மற்றவர்களுடையது சீழாகவே வழிந்து போகிறது.

மற்றவர்களுக்கு நாம் வைத்திருக்கும் சொல்லாடல் 'சூடு'. மேல்பட்டாம்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: "ஒடம்புல சூடு ஏறிப்போச்சு, மாம்பழத்தை நிறுத்து, எண்ணெ தேச்சிக் குளி." சூடு முழுப் பொய்யல்ல. வெயில், வியர்வை, துணி உரசல் எல்லாம் கட்டிக்கு வழி செய்பவைதான். ஆனால் அந்தச் சூட்டை நாம் உடம்புக்குள்ளேயும் சோற்றிலேயும் தேடுகிறோம். வேலை செய்யும் இடத்தில் தேடுவதில்லை. குற்றவாளி மாம்பழம், அல்லது அதைத் தின்ற வாய்.

காரணத்தை உடம்புக்கு வெளியே கொண்டுவந்தது 1880. முந்தைய ஆண்டு தன் ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கு அடிக்கடி கட்டி வருவதைக் கண்ட பாஸ்டர், அந்தச் சீழில் இருந்த கிருமியை வளர்த்துக் காட்டினார். அதே ஆண்டில் அபர்டீன் அறுவை மருத்துவர் ஆக்ஸ்டன் சீழ்க்கட்டிகளில் கொத்துக் கொத்தான கிருமிகளைக் கண்டார். பிற்பாடு, திராட்சைக்குலைக்கான கிரேக்கச் சொல்லை வைத்து ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று பெயரிட்டார். சுமார் மூன்றில் ஒருவருடைய மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் இது குடியிருக்கிறது. விரல் வழியாக, துண்டு வழியாக, சவரக்கத்தி வழியாக அடுத்த தோலுக்குப் போகிறது. சாதி பார்த்துப் போவதில்லை.

அப்படியானால் திரும்பத் திரும்ப வரும் கட்டி ஒருவருடைய நோய் அல்ல, ஒரு வீட்டின் நோய். சிறு கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும். பிதுக்கக் கூடாது, மூக்கையும் மேலுதட்டையும் சுற்றி வந்ததைத் தொடவே கூடாது. பெரியதை மருத்துவர் கீறிச் சீழை வடிக்க வேண்டும். காய்ச்சல் கண்டால் காத்திருக்கக் கூடாது. அடிக்கடி வந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். ஆளுக்கொரு துண்டு, சுடுநீரில் அலசிய துணி, தேவைப்பட்டால் மூக்குக்கும் களிம்பு, வீட்டார் எல்லோருக்கும் சேர்த்துச் சிகிச்சை. மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் பாதியில் விடுவது உதவாது. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் 1961இலேயே இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது.

இந்தப் பட்டியலை நவீன மருத்துவம் 'தன் சுத்தம்' என்ற தலைப்பில் வைக்கிறது. இங்கேதான் எனக்கு மறுப்பு. மாம்பழம் இருந்த இடத்தில் இப்போது சோப்பு. குற்றவாளி பழைய ஆள்தான். தினம் குளிக்க, ஐந்து பேர் துண்டை வெந்நீரில் அலச, தண்ணீர் வேண்டும். நெய்வேலியில் 1956இல் நிறுவனம் வந்தது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் சுரங்கத்தைப் பிளந்துகொண்டு வராமலிருக்க, மோட்டார்கள் இராப்பகலாக அதை இறைக்கின்றன. சுற்றுப்புற ஊர்களில் போர் ஆழமாகிக்கொண்டே போகிறது என்ற முறையீடு பழையது. பஸ் பிடித்து அங்கே போகும் காண்ட்ராக்ட் தொழிலாளி கரித்தூளும் வியர்வையுமாக அதே சட்டையோடு திரும்புகிறார். கட்டி வந்து லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை. அவரிடம் போய்ச் சுத்தம் பேசுவது என்ன நியாயம்?

எனவே கட்டியின் வரலாற்றைத் தோலின் வரலாறாக எழுதினால் போதாது. தண்ணீர், கூலி, ஓய்வு இவற்றின் வரலாறாக எழுத வேண்டும். வேலையிடத்தில் குளியலறை, மாற்றுடை, சம்பளத்தோடு நோய் விடுப்பு ஆகிய மூன்றையும் கட்டிக்கான தடுப்பு மருந்து என்றே நம் சங்கங்கள் கேட்கலாம். ஒத்தடம் கொடுத்துக்கொண்டேதான்.