காற்பந்து மேலாண்மை ஆட்டங்களில் கழகமும் தேசிய அணியும்

காற்பந்து மேலாண்மை ஆட்டம் என்பது, ஆட்டக்காரர்களைத் திரையில் நேரடியாக இயக்காமல், ஓர் அணியின் மேலாளராக இருந்து முடிவுகளை எடுக்கும் கணினி விளையாட்டு வகை ஆகும். இவ்வகை ஆட்டங்கள் சிலவற்றில் பயனர் ஒரு கழகத்தின் மேலாளராகவும், அதே காலத்தில் ஒரு நாட்டின் தேசிய அணி மேலாளராகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே விளையாட்டைச் சார்ந்த பணிகள் எனினும் அவற்றின் இயல்பு வேறானது. கழக மேலாளர் தன் அணியைத் தானே கட்டி எழுப்புகிறார். தேசிய அணி மேலாளரோ, பிற கழகங்கள் உருவாக்கியவர்களில் இருந்து தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும். இந்தியாவில் சையது அப்துல் ரகீம், மனோலோ மார்க்கேஸ் ஆகியோர் இவ்விரு பொறுப்புகளையும் உண்மையிலேயே ஒருசேர வகித்துள்ளனர்.

வரலாறு

இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று, இங்கிலாந்தைச் சேர்ந்த கெவின் டாம்ஸ் உருவாக்கி 1982 இல் வெளிவந்த ஃபுட்பால் மேனேஜர் ஆகும். 1992 இல் பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்னும் உடன்பிறந்தோர் சாம்பியன்ஷிப் மேனேஜர் என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். இவர்களது நிறுவனம் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் எனப் பெயர் பெற்றது.

2003 இல் இந்நிறுவனமும் அதன் வெளியீட்டாளரான ஐடோஸ் நிறுவனமும் பிரிந்தன. சாம்பியன்ஷிப் மேனேஜர் என்ற பெயர் ஐடோஸ் நிறுவனத்திடமே தங்கிவிட்டது. எனவே கோலியர் உடன்பிறப்புகளின் அடுத்த ஆட்டம் 2004 இல் சேகா நிறுவனத்தின் வழியாக ஃபுட்பால் மேனேஜர் 2005 என்ற பெயரில் வெளிவந்தது. 2006 இல் சேகா நிறுவனம் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது.

தொடக்ககாலப் பதிப்புகளில் போட்டி முழுவதும் எழுத்து வடிவிலான வருணனையாகவே இருந்தது. 2003 இல் வந்த சாம்பியன்ஷிப் மேனேஜர் 4 ஆட்டக்களத்தை மேலிருந்து பார்க்கும் இருபரிமாணக் காட்சியை அறிமுகப்படுத்தியது. ஃபுட்பால் மேனேஜர் 2009 பதிப்பில் முப்பரிமாணக் காட்சி இடம்பெற்றது. ஆட்டக்காரர்களை நேரடியாக இயக்கும் ஃபிஃபா வரிசை ஆட்டங்களிலும், 2012 இல் வெளிவந்த ஃபிஃபா 13 பதிப்பில், கழகப் பொறுப்புடன் தேசிய அணிப் பொறுப்பையும் ஏற்கும் வசதி இருந்தது.

தரவுத்தளம்

ஃபுட்பால் மேனேஜர் ஆட்டத்தின் அடித்தளம் அதன் ஆட்டக்காரர் தரவுத்தளம் ஆகும். பந்து கடத்தல், வேகம், மன உறுதி முதலிய பண்புகள் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 1 முதல் 20 வரையான எண்களால் குறிக்கப்படுகின்றன. இவை தவிர, தற்போதைய திறன், எட்டக்கூடிய திறன் ஆகிய இரண்டும் 200 வரையான எண்களாக மறைவில் வைக்கப்பட்டிருக்கும். பல நாடுகளில் உள்ள உள்ளூர் ஆய்வாளர்கள் போட்டிகளைப் பார்த்து இம்மதிப்புகளை அளிக்கின்றனர். 2008 இல் இங்கிலாந்தின் எவர்டன் கழகம், ஆட்டக்காரர்களைத் தேடும் பணிக்கு இத்தரவுத்தளத்தைப் பயன்படுத்த உடன்பாடு செய்துகொண்டது.

கழக மேலாண்மை

கழகப் பொறுப்பில் பயனரின் கையில் மூன்று கருவிகள் உள்ளன. அவை பணம், பயிற்சி, காலம் என்பன. முன்கள வீரர் ஒருவர் தேவையெனில் வேறு கழகத்தில் இருந்து வாங்கலாம், அல்லது கடனாகப் பெறலாம். பணம் இல்லையெனில் இளையோர் அணியில் இருந்து ஒருவரைப் பயிற்றுவித்து உயர்த்தலாம். நாள்தோறும் பயிற்சி உண்டு. வாரந்தோறும் போட்டி உண்டு. ஒரு போட்டியில் செய்த தவற்றை அடுத்த வாரமே திருத்திக்கொள்ள இயலும். மறுபுறம், ஊதிய வரம்பையும் நிருவாகக் குழுவின் எதிர்பார்ப்பையும் மீறினால் பயனர் பதவிநீக்கம் செய்யப்படுவார்.

தேசிய அணி மேலாண்மை

தேசிய அணிப் பொறுப்பு பொதுவாகப் பயனரின் நற்பெயர் வளர்ந்த பின்னரே கிடைக்கிறது. இங்கு ஆட்டக்காரர்களை வாங்கவோ விற்கவோ இயலாது. குடியுரிமை பெற்றவர்களில் இருந்து 23 அல்லது 26 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் மேலாளரிடம் இருப்பது ஆண்டில் சில வாரங்களே. ஒரு தகுதிச்சுற்றுப் போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் இடையே பல மாதங்கள் கழியலாம். ஆகையால் சிக்கலான ஆட்ட உத்திகளைக் கற்பிப்பது கடினம். ஆட்டக்காரர்கள் தத்தம் கழகங்களில் ஏற்கெனவே பழகிய முறையை ஒட்டியே அணியை அமைப்பது பயன்தரும்.

இந்தியாவைத் தேர்ந்தெடுக்கும் பயனர் இன்னொரு தடையையும் எதிர்கொள்கிறார். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் மட்டுமே நாட்டின் சார்பில் ஆடலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளி ஆட்டக்காரர்கள் அதனைத் துறந்தாலன்றி அணிக்கு வர இயலாது. சப்பானில் பிறந்த அராட்டா இசுமி தம் சப்பானியக் குடியுரிமையைத் துறந்து 2013 இல் இந்தியாவுக்காக ஆடினார். ஆத்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் 2025 இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். இத்தகையோர் மிகச் சிலரே.

இரட்டைப் பொறுப்பின் முரண்

இரு பொறுப்புகளையும் ஒருவரே ஏற்கும்போது, ஒரே ஆட்டக்காரர் மீது இரண்டு உரிமைகள் மோதுகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு பயனர் சென்னைக் கழகம் ஒன்றையும் இந்திய அணியையும் நடத்துவதாகக் கொள்வோம். கழகத்தின் முதன்மைப் பின்கள வீரர் தசைப்பிடிப்பில் இருந்து அப்போதுதான் மீண்டு வருகிறார். தேசிய அணிக்குத் தகுதிச்சுற்றுப் போட்டி. அது முடிந்து 3 நாட்களில் கழகத்துக்கு முக்கியமான போட்டி. அவரை நாட்டுக்காக ஆட வைத்தால் கழகம் அவரை இழக்கக்கூடும். ஓய்வளித்தால் நாடு புள்ளிகளை இழக்கக்கூடும். வேறொருவர் தேசிய அணி மேலாளராக இருந்தால் பயனர் அவரைக் குறைகூறலாம். இரட்டைப் பொறுப்பில் குறைகூற எவரும் இல்லை.

உண்மை வாழ்வில்

உலக அளவில் இதற்குப் பல எடுத்துக்காட்டுகள் உள்ளன. ரைனஸ் மிக்கல்ஸ் பார்சிலோனா கழகப் பயிற்றுநராக இருந்தபோதே 1974 உலகக்கோப்பையில் நெதர்லாந்து அணியை இறுதிப்போட்டி வரை நடத்தினார். அலெக்ஸ் பெர்கசன் 1985-86 இல் அபர்டீன் கழகத்தையும் இசுக்காட்லாந்து அணியையும் கவனித்தார். கூஸ் ஹிடிங்க் 2005-06 இல் நெதர்லாந்தின் பிஎஸ்வி கழகத்துடன் ஆத்திரேலிய அணியையும் நடத்தினார்.

இந்தியாவில் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் (1909-1963), ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்கும் இந்திய அணிக்கும் பயிற்றுநராக இருந்தார். காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணி 1951 இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962 இல் சகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வென்று மீண்டும் தங்கம் பெற்றது. அவ்விறுதிப்போட்டியில் தமிழரான பீட்டர் தங்கராஜ் கோல்காப்பாளராக ஆடினார். தலையில் காயமுற்றிருந்த பின்கள வீரர் ஜர்னைல் சிங்கை ரகீம் முன்களத்தில் ஆடவைத்தார். இந்தியாவின் இரு கோல்களில் ஒன்றை அவரே அடித்தார்.

எசுப்பானியரான மனோலோ மார்க்கேஸ் 2024 சூலையில் இந்திய அணியின் பயிற்றுநராக அறிவிக்கப்பட்டார். 2024-25 பருவம் முழுவதும் அவர் எஃப்சி கோவா கழகத்தின் பயிற்றுநராகவும் தொடர்ந்தார். அப்பருவத்தில் கோவா, இந்தியன் சூப்பர் லீக் புள்ளிப்பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது. 2025 மே மாதம் சூப்பர் கோப்பையையும் வென்றது. அதே பயிற்றுநரின் கீழ் இந்திய அணி 8 போட்டிகளில் 1 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி என்ற நிலையையே எட்டியது. கோல் அடிக்க ஆளில்லாத நிலையில், ஓய்வு பெற்றிருந்த சுனில் சேத்ரி 2025 மார்ச்சில் 40 வயதில் அணிக்குத் திரும்பினார். கழகமாக இருந்திருந்தால் வெளிநாட்டு முன்கள வீரர் ஒருவரை வாங்கியிருக்கலாம். நாட்டுக்கு அவ்வழி இல்லை. மார்க்கேஸ் 2025 சூலையில் தேசியப் பொறுப்பில் இருந்து விலகினார். அவருக்குப் பின் வந்த காலித் ஜமீல், ஜம்சேத்பூர் கழகப் பொறுப்பை விட்டுவிட்டுத் தேசிய அணிப் பணியை ஏற்றார்.

இருவேறு பொறுப்பாளர்கள் இருக்கும்போதும் மோதல் நீங்குவதில்லை. ஃபிஃபா குறித்த நாட்களில் மட்டுமே கழகங்கள் ஆட்டக்காரர்களை விடுவிக்கக் கடமைப்பட்டவை. 2023 செப்டம்பரில் காங்சூ ஆசிய விளையாட்டுப் போட்டிகள் அந்நாட்களுக்கு வெளியே அமைந்தன. இந்தியன் சூப்பர் லீக்கும் அதே வாரத்தில் தொடங்கியது. கழகங்கள் பலரை விடுவிக்க மறுத்தமையால் வலுக்குறைந்த அணியே சென்றது. முதல் போட்டியில் அது சீனாவிடம் 1-5 எனத் தோற்றது.

ஆட்டத்தின் வரம்புகள்

கணினி ஆட்டத்தில் பயனர் ஒரு பொத்தானை அழுத்தி நாட்களைக் கடத்திவிடலாம். தேசிய அணியின் இரு போட்டிகளுக்கு இடைப்பட்ட நான்கு மாதங்கள் கழகப் போட்டிகளிலேயே கழிந்துவிடும். உண்மையில் அந்த மாதங்களில்தான் பயிற்றுநர் ஊர் ஊராகச் சென்று ஆட்டக்காரர்களைப் பார்க்கிறார், கழகங்களுடன் பேசுகிறார். அதுபோலவே, தன் கழகத்தவரையே தேசிய அணியில் சேர்க்கிறார் என்ற ஐயத்தை உண்மைப் பயிற்றுநர் எதிர்கொள்ள நேரும். ஆட்டத்தில் பயனர் எவருக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை.

2025 பெப்ரவரியில் ஃபுட்பால் மேனேஜர் 25 பதிப்பு கைவிடப்பட்டது. 2025 நவம்பரில் வெளியான அடுத்த பதிப்பான ஃபுட்பால் மேனேஜர் 26, வெளியான வேளையில் தேசிய அணி மேலாண்மை வசதியைக் கொண்டிருக்கவில்லை. கழகப் பொறுப்பு மட்டும் போதுமெனக் கருதும் பயனர் பலர் உண்டு. எனினும், வாங்க இயலாத அணியை வைத்து வெல்வது எப்படி என்பதைக் கற்பிப்பது தேசிய அணிப் பொறுப்பே ஆகும்.